பால் குடிக்க மறுக்கும் குழந்தை: பதற்றமும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்

நான் மருத்துவன் அல்லன். மெக்கானிகல் டிப்ளமா முடித்து, 1982-ல் ரயில்வேயில் சேர்ந்து, 39 ஆண்டுகள் எஞ்சின் பராமரிப்பிலேயே கழித்து, நாக்பூரில் ஓய்வு பெற்றவன். இப்படிப்பட்டவன் குழந்தைக்குப் பால் கொடுப்பது பற்றிக் கட்டுரை எழுத என்ன இருக்கிறது என்று வாசகர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான்.

ஊரில் ஒரு குழந்தை பிறந்தால் பாட்டி, சித்தி, அத்தை, பக்கத்து வீட்டு ஆச்சி என்று பார்த்துக்கொள்ளப் பத்துப் பேர் உண்டு. வேலைக்காக வடக்கே வந்துவிட்ட நம் குடும்பங்களின் நிலை வேறு. ஒரு கூடமும் சமையலறையுமாக வாடகை வீடு. கணவருக்கு ஷிஃப்டு வேலை. மனைவிக்கு இந்தி சரளமாக வராது. இரவு 2 மணிக்குக் குழந்தை பாலைத் தொடாமல் முகத்தைத் திருப்பினால் கேட்க ஆளில்லை. விடிந்து ஊருக்குப் போன் செய்தாலோ, ஒருவர் வசம்பு என்பார், ஒருவர் விளக்கெண்ணெய் என்பார், ஒருவர் டப்பாப் பால் என்பார். பிள்ளை பெற்ற உடம்போடு இருக்கும் பெண்ணுக்கு எதைக் கேட்பது என்றே புரியாது. நம் சங்கக் கூட்டங்களில் இளம் தாய்மார்கள் என் மனைவியிடம் அதிகம் கேட்கும் கேள்வியும் இதுதான்: "மாமி, குழந்தை பால் குடிக்கவே மாட்டேங்குது, என்ன செய்ய?"

எங்கள் பேத்தி விஷயத்தில் இதே கேள்வியை நாங்கள் இரண்டு முறை சந்தித்தோம். இரண்டு முறையும் விடை வேறு வேறாக இருந்தது. அப்போது மருத்துவர்கள் சொன்னதையும், பிறகு படித்துத் தெரிந்துகொண்டதையும் ஒழுங்குபடுத்தி இங்கே தருகிறேன்.

புகார் ஒன்று, காரணம் பல

லோகோ ஷெட்டுக்கு வரும் எஞ்சினின் லாக் புக்கில் டிரைவர் "இழுவை குறைவு" என்று எழுதியிருப்பார். அதைப் பார்த்த உடனே நாங்கள் மோட்டாரைக் கழற்றிவிட மாட்டோம். வண்டியில் பாரம் அதிகமா, ஏற்றப் பாதையா, பிரேக் பிடித்துக்கொண்டு இருந்ததா, மோட்டாரிலேயே கோளாறா என்று வரிசையாகப் பார்ப்போம். எழுதியிருப்பது ஒரே வார்த்தை. காரணமோ பத்தில் ஒன்று. சில சமயம் எஞ்சினில் எந்தக் குறையும் இராது.

"குழந்தை பால் குடிக்கவில்லை" என்பதும் அப்படிப்பட்ட புகார்தான். அது நோயின் முதல் அறிகுறியாக இருக்கலாம். குழந்தை வாயை வைக்கும் முறையில் சிறு குறை இருக்கலாம். அல்லது குழந்தை போதுமான அளவு குடித்துவிட்டு, நாம்தான் போதவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கலாம். இவற்றில் எது என்று பிரித்தறிவதுதான் முதல் வேலை. பிரித்தறியாமல் சங்கை எடுத்து வாயில் ஊற்றுவது, காரணம் பாராமல் மோட்டாரைக் கழற்றுவது போன்றது.

முதல் முறை: ஐந்தாம் நாள்

எங்கள் மகள் புனேயில் இருக்கிறாள். 2023 மே மாதம் பிரசவத்துக்கு எங்களிடம் வந்தாள். அவளுக்குத் தாய்வீடு என்பது நாக்பூர்தானே! பெண் குழந்தை, 37 வாரத்தில் பிறந்தாள், எடை 2 கிலோ 600 கிராம். மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்று எடை 2 கிலோ 450.

நாலாம் நாள் முழுவதும் குழந்தை தூங்கிக்கொண்டே இருந்தது. எழுப்பி மார்பில் வைத்தால் நாலு வாய் சப்பும், மறுபடி தூங்கிவிடும். "சமர்த்துக் குழந்தை, அழவே இல்லையே" என்று பார்க்க வந்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். தென்காசியிலிருந்து என் அக்கா போனில், "ஏய் தம்பி, பிள்ளையக் காலுல போட்டுச் சங்குல ஊத்துப்பா, குடிக்காம எங்க போவும்?" என்றாள். கீழ் வீட்டு மராட்டிய அம்மாள் மூலிகை உரைத்துக் கொடுக்கும் பாள்குட்டியைப் பற்றிச் சொன்னார். எல்லாரும் அன்பினால் சொன்னவர்களே.

பழைய வழக்கத்தால் நான் ஒரு நோட்டுப் புத்தகத்தில் நேரத்தோடு எழுதி வந்தேன். ஐந்தாம் நாள் காலை அதைக் கூட்டிப் பார்த்தபோது, 24 மணி நேரத்தில் பால் குடித்தது 5 தடவை, சிறுநீர் கழித்தது 2 தடவை, அதுவும் அடர்ந்த மஞ்சள் நிறத்தில் என்று தெரிந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளில், நாலாம் நாள் குறைந்தது 4 முறையாவது துணி நனைய வேண்டும் என்று போட்டிருந்தது. மகளும் மருமகனும் நானும் அப்போதே ஆட்டோ பிடித்துப் போனோம்.

அங்கே எடை 2 கிலோ 310. பிறந்த எடையில் 11 சதவீதம் குறைந்திருந்தது. மஞ்சள் காமாலை கூடியிருந்ததால்தான் குழந்தை தூங்கித் தூங்கி விழுந்தது. தூங்கியதால் குடிக்கவில்லை, குடிக்காததால் மலம் சரியாகப் போகவில்லை, மலம் போகாததால் காமாலை இன்னும் கூடியது. ஒன்றையொன்று வளர்க்கும் வட்டம் இது. இரண்டு நாள் நீல விளக்கின் கீழ் வைத்தார்கள். தாய்ப்பாலைக் கறந்து 2 மணிக்கு ஒரு முறை பாலாடையில் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் குழந்தை தானே வாய் திறந்து பால் தேடியது. 15-ம் நாள் பிறந்த எடையை எட்டிவிட்டது.

37, 38 வாரத்தில் பிறந்த குழந்தை பார்வைக்கு முழுக் குழந்தையாகவே இருக்கும். ஆனால் உறிஞ்சும் தெம்பு குறைவு, தூக்கம் அதிகம். அதற்கு முன்பே, 34 முதல் 36 வாரத்தில் பிறந்தவை இன்னும் சோர்வாக இருக்கும். இத்தகைய குழந்தை அழாமல் கிடந்தால் அதைச் சமர்த்து என்று எண்ணி விட்டுவிடக் கூடாது. காமாலைக்குக் காலை வெயிலில் காட்டினால் போதும் என்பதும் சரியல்ல. வெயில் அந்த விளக்குச் சிகிச்சைக்கு ஈடாகாது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலும், உள்ளங்கை, உள்ளங்கால் மஞ்சளானாலும் உடனே காட்ட வேண்டும்.

கண்ணால் மதிப்பிடாமல் எண்ணிப் பாருங்கள்

மார்பில் குடிக்கும் பாலை அளக்க முடியாது. ஆனால் வெளியே வருவதை எண்ணலாம், எடையைப் பார்க்கலாம். இந்த இரண்டும் பொய் சொல்லாது.

1. பால் குடிக்கும் தடவை: முதல் சில வாரங்களில் 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை. முதல் நாளில் ஒரு தடவைக்கு ஒரு தேக்கரண்டி அளவு சீம்பால் கிடைத்தாலே போதும். "பாலே வரவில்லை" என்று அன்றைக்கே முடிவு கட்ட வேண்டாம்.

2. சிறுநீர்: முதல் நாள் ஒன்று, இரண்டாம் நாள் இரண்டு என்று கூடிக்கொண்டே போய், ஐந்தாம் நாளுக்குப் பின் தினமும் 6 அல்லது அதற்கு மேல். நிறம் வெளிறி இருக்க வேண்டும்.

3. மலம்: கரும்பச்சையாகத் தொடங்கி, ஐந்தாம் நாள் வாக்கில் மஞ்சளாக மாற வேண்டும். முதல் மாதத்தில் பெரும்பாலும் தினம் மூன்று நான்கு முறை போகும். ஆறு வாரத்துக்குப் பின் தாய்ப்பால் குழந்தை சில நாட்கள் போகாமல் இருந்து, பிறகு இளக்கமாகப் போனால் அது மலச்சிக்கல் ஆகாது.

4. எடை: முதல் சில நாட்களில் 7 சதவீதம் வரை குறைவது இயல்பு. 10 சதவீதத்தைத் தொட்டால் மருத்துவர் பார்த்தாக வேண்டும். 10 முதல் 14 நாட்களுக்குள் பிறந்த எடைக்குத் திரும்ப வேண்டும். பிறகு மூன்று மாதம் வரை நாளொன்றுக்குச் சுமார் 20 முதல் 30 கிராம் ஏறும். அதன் பின் வேகம் குறையும். ஐந்தாம் மாத வாக்கில் பிறந்த எடை இரட்டிப்பாகும்.

நோட்டில் ஐந்து கட்டம் போடுங்கள்: மணி, எந்தப் பக்கம், எத்தனை நிமிடம் விழுங்கும் சத்தம் கேட்டது, சிறுநீர், மலம். எழுதும் வேலையைத் தாயின் தலையில் கட்டாதீர்கள். அது கணவரின் வேலை, அல்லது தாத்தாவின் வேலை. முதல் இரண்டு வாரத்துக்கு எழுதினால் போதும். எல்லாம் சரியாகப் போனால் நோட்டை மூடிவிடலாம். எடையைத் தினமும் பார்க்க வேண்டாம். ஒரே தராசில், உடுப்பு இல்லாமல், வாரம் ஒரு முறை போதும். தினமும் பார்த்தால் 10 கிராம் ஏற்ற இறக்கத்துக்கெல்லாம் வீடே கலங்கும்.

தூங்கும் குழந்தைக்குப் பால் கொடுப்பது எப்படி?

இப்பகுதி என் மனைவி சொல்ல நான் எழுதியது.

அழும் வரை காத்திருக்க வேண்டாம். அழுகை பசியின் கடைசி அடையாளம். அதற்கு முன்பே குழந்தை உதட்டைச் சப்புக்கொட்டும். தலையை இப்படியும் அப்படியும் திருப்பி வாயால் தேடும். கையை வாய்க்குக் கொண்டுபோகும். அந்த நேரத்தில் மார்பில் வைத்தால் நன்றாகப் பிடிக்கும். அழுது களைத்த குழந்தை இரண்டு வாய் குடித்துவிட்டுத் தூங்கிவிடும்.

முதல் வாரங்களில், பிறந்த எடைக்குத் திரும்பும் வரை, குழந்தை கேட்காவிட்டாலும் 2, 3 மணி நேரத்துக்கு ஒரு முறை எழுப்ப வேண்டும். சுற்றிய துணியை அவிழ்த்து, ஈரத் துணியை மாற்றுங்கள். உடுப்பில்லாத குழந்தையைத் தாயின் வெறும் மார்பின் மேல் நெஞ்சோடு நெஞ்சாகக் கிடத்தி, முதுகின் மேல் ஒரு துணியைப் போர்த்துங்கள். 1978-ல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் பற்றாக்குறையான ஆஸ்பத்திரியில் குறைமாதக் குழந்தைகளுக்காகத் தொடங்கிய முறை இது. கங்காரு முறை என்று இன்று நம் நாட்டு ஆஸ்பத்திரிகளிலும் செய்கிறார்கள். குழந்தை சூடாகவும் இருக்கும். பால் தேடவும் தொடங்கும். உள்ளங்காலையும் முதுகையும் மெல்ல வருடலாம். சப்புவது நின்றால் மார்பைக் கையால் இதமாக அழுத்தினால் பால் இறங்கும்; மறுபடி விழுங்கும். பிறகு அடுத்த பக்கம் மாற்றுங்கள்.

வாய் வைப்பு சரியா என்று பாருங்கள். வாய் அகலத் திறந்து, கீழுதடு வெளிப்பக்கம் மடிந்து, முகவாய் மார்பைத் தொட வேண்டும். காம்பை மட்டும் பிடித்தால் தாய்க்கு வலிக்கும், குழந்தைக்குப் பால் வராது, சலித்து விட்டுவிடும். "குழந்தைக்குப் பிடிக்கவில்லை" என்று சொல்லப்படுவதில் பல இந்தக் குறைதான். பிரசவம் பார்த்த இடத்து நர்ஸிடம் ஒரு முறை காட்டச் சொன்னால் சரிசெய்துவிடலாம்.

மருத்துவர் சொல்லிக் கறந்து கொடுப்பதானால், சுத்தமான மூடியுள்ள பாத்திரத்தில் கறந்து, சாதாரண அறைச் சூட்டில் 4 மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள். நம் ஊர் மே மாதத்து வெயிலில் அதற்கும் முன்பே கொடுங்கள், அல்லது ஃபிரிட்ஜில் வையுங்கள். அங்கும் ஒரு நாளுக்கு மேல் வேண்டாம்.

அன்பினால் செய்யும் தீங்குகள்

காலில் போட்டு ஊற்றுவது: பாலாடையோ சங்கோ தப்பான கருவிகள் அல்ல; ஆஸ்பத்திரியிலும் பாலாடையில்தான் கொடுத்தார்கள். ஆனால் விழித்திருக்கும் குழந்தையை மடியில் நிமிர்த்திப் பிடித்து, கீழுதட்டின் மேல் வைத்து, குழந்தை தானாக உறிஞ்சி விழுங்க விழுங்கக் கொடுத்தார்கள். மல்லாக்கப் போட்டு, தாடையை அமுக்கி ஊற்றினால் பால் மூச்சுக் குழாயில் புகும். அதிலிருந்து தப்பிய குழந்தையும் சங்கைக் கண்டாலே வாயை மூடிக்கொள்ளும். ஊற்ற ஊற்ற மறுக்கும். மறுக்க மறுக்க ஊற்றுவோம்.

தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர்: 6 மாதம் முடியும் வரை நாக்பூர் வெயிலிலும் தனியே தண்ணீர் வேண்டியதில்லை. தாய்ப்பாலில் பெரும்பகுதி தண்ணீரே. சின்ன வயிற்றைத் தண்ணீர் நிரப்பினால் பாலுக்கு இடம் இராது. வெயில் காலத்தில் குழந்தை கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி குடிக்கும், குடிக்கட்டும். தண்ணீர் குடிக்க வேண்டியது தாய்.

தேன், வசம்பு, விளக்கெண்ணெய், குட்டி: ஒரு வயதுக்கு முன் தேன் கூடவே கூடாது. அதிலுள்ள ஒரு வகைக் கிருமி குழந்தையின் தசைகளையே செயலிழக்கச் செய்யக்கூடும். மற்றவையும் வேண்டாம். பசி தூண்டும் சொட்டு மருந்தென்று மருந்துக் கடையில் கேட்டு வாங்காதீர்கள்.

மூக்கில் எண்ணெய் விடுவது, சாம்பிராணிப் புகை: மூக்கடைத்த குழந்தை பால் குடிக்க முடியாது, ஏனெனில் குடிக்கும்போது மூக்கால்தான் மூச்சுவிட வேண்டும். எண்ணெய் நுரையீரலுக்கு இறங்கினால் சளிக் காய்ச்சலில் கொண்டுவிடும். மூக்கடைப்புக்கு மருத்துவரைக் கேட்டு உப்பு நீர்ச் சொட்டு விட்டால் போதும்.

டப்பாப் பால்: மருத்துவர் எழுதிக் கொடுத்தால் தயங்காமல் கொடுங்கள்; அதில் குற்றமில்லை. ஆனால் பக்கத்து வீட்டார் சொன்னார்கள் என்று தொடங்க வேண்டாம். குழந்தை மார்பில் குடிப்பது குறையக் குறைய, பால் சுரப்பும் குறையும். இந்தக் காரணத்தால்தான் 1992-ல் நம் நாட்டில் சட்டம் போட்டு, குழந்தைப் பால் பவுடருக்கும் புட்டிக்கும் விளம்பரம் செய்வதைத் தடுத்தார்கள். கொடுக்க நேர்ந்தால் டப்பாவில் சொன்ன அளவுப்படியே கலக்குங்கள். விலை கருதித் தண்ணீர் கூட்டினால் குழந்தையின் வயிறு நிறையும், உடம்பு தேறாது. மாட்டுப் பாலை ஒரு வயது வரை முக்கிய உணவாகக் கொடுக்க வேண்டாம்.

இரண்டாம் முறை: நாலாம் மாதம்

மூன்றாம் மாதம் மகள் புனே திரும்பினாள். நாலாம் மாதம் போன் வந்தது. "அப்பா, மறுபடியும் குடிக்க மாட்டேங்கறா. அஞ்சு நிமிஷம் குடிச்சிட்டுத் தலையைத் திருப்பிடறா. கதவு சத்தம் கேட்டா போச்சு. எனக்குப் பால் வத்திப்போச்சுன்னு அத்தை சொல்றாங்க." பேசும்போதே குரல் உடைந்தது. மே மாதத்து அனுபவத்துக்குப் பின் அவள் பயந்ததில் வியப்பில்லை.

மருமகனிடம், "மாப்பிள்ளை, ஒரு நாள் நோட்டுப் போடுங்கள்" என்றேன். மறுநாள் அவர் கணக்குச் சொன்னார்: பகலில் சின்னச் சின்னதாக 6 தடவை, இரவிலும் விடிகாலையிலும் நன்றாக 3 தடவை, சிறுநீர் 7 தடவை, குழந்தை விழித்திருக்கும் போது சிரிப்பு, கால் உதைப்பு. மூன்றாம் மாதம் 5 கிலோ 200 இருந்த எடை, நாலாம் மாதம் 5 கிலோ 700. குழந்தை மருத்துவர் பார்த்துவிட்டு, "ஒன்றும் இல்லை, விட்டுவிடுங்கள்" என்று அனுப்பிவிட்டார்.

நடந்தது இதுதான். மூன்று, நான்கு மாதத்தில் குழந்தைக்கு உலகம் தெரியத் தொடங்குகிறது. மின்விசிறி, ஜன்னல், அப்பாவின் குரல் எல்லாம் பாலை விடச் சுவாரசியம். அதோடு, முன்பு அரை மணி எடுத்துக் குடித்ததை இப்போது 5, 10 நிமிடத்தில் குடித்துவிடும் திறமையும் வந்துவிடுகிறது. எடை ஏறும் வேகமும் இயற்கையாகவே குறைகிறது. ஆகையால் தேவையும் முன் போல் ஏறிக்கொண்டே போவதில்லை. மார்பு முன் போல் கட்டிக்கொள்ளாமல் மெத்தென்று இருப்பதும் பால் வற்றியதன் அடையாளம் அன்று. தேவைக்கேற்பச் சுரப்பு ஒழுங்குபட்டதன் அடையாளம்.

இதற்கு வைத்தியம் எளிது. திரை போட்ட அமைதியான அறையில், டி.வி.யும் மொபைலும் இல்லாமல் கொடுக்க வேண்டும். குழந்தை தலையைத் திருப்பினால் விட்டுவிட வேண்டும், துரத்தக் கூடாது. அரைத் தூக்கத்தில் நன்றாகக் குடிக்கும்; அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். மகள் அப்படியே செய்தாள். இரண்டு மூன்று வாரத்தில் அந்தக் கட்டம் கடந்தது.

எதிர்வீட்டுக் குழந்தையோடு எடையை ஒப்பிடாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 1997 முதல் 2003 வரை, தில்லி உட்பட ஆறு நாடுகளில் சுமார் 8,500 குழந்தைகளை ஆராய்ந்து, 2006-ல் வளர்ச்சி அட்டவணை வெளியிட்டது. அதன்படி 4 மாதப் பெண் குழந்தையின் நடு எடை 6.4 கிலோ, கீழ் எல்லை 5 கிலோ. ஆண் குழந்தைக்கு நடு எடை 7 கிலோ. கீழ் எல்லை 5.6 கிலோ. தாய் சேய் பாதுகாப்பு அட்டையில் இந்தக் கோடுகள் அச்சிடப்பட்டிருக்கின்றன. நம் குழந்தை நடுக் கோட்டில் இருக்க வேண்டும் என்பதில்லை. தன் கோட்டுக்கு இணையாக மேலே போகிறதா என்பதே கேள்வி. கோடு படுத்துவிட்டாலோ கீழே இறங்கினாலோதான் கவலைப்பட வேண்டும்.

இடையில் வரும் பிற காரணங்கள்

நன்றாகக் குடித்த குழந்தை திடீரென்று மறுத்தால் இவற்றைப் பாருங்கள்: மூக்கடைப்பு, வாயில், நாக்கில் வழித்தால் போகாத வெண் படலம், காது வலி, தடுப்பூசி போட்ட ஒரு நாள் சோர்வு, ஈறு வலி, பால் வேகமாகப் பீய்ச்சி வந்து புரை ஏறுவது. ஒன்றுமே வெளியில் தெரியாமல் சிறுநீர்த் தொற்று இருந்தாலும் குழந்தை பாலை வெறுக்கும். குடிக்கும்போது நெற்றி வியர்த்து, மூச்சு வாங்கி, நடுவில் களைத்து விட்டுவிடும் குழந்தைக்கு இதயத்தைப் பரிசோதிக்க வேண்டும். நாக்கின் அடியில் இறுக்கம் இருந்தால் சரியாகப் பிடிக்க முடியாது. இவை எல்லாம் மருத்துவர் கண்டறிய வேண்டியவை. வீட்டில் நாம் செய்ய வேண்டியது, கவனித்ததைத் தெளிவாகச் சொல்வது.

காத்திராமல் கிளம்ப வேண்டிய அடையாளங்கள்

இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையிடம் கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும், இரவானாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்:

1. பாலே குடிக்க முடியவில்லை, அல்லது நன்றாகக் குடித்தது நின்றுவிட்டது.
2. தொட்டு அசைத்தால்தான் அசைகிறது, அல்லது எழுப்ப முடியவில்லை.
3. அமைதியாக இருக்கும்போது முழு நிமிடம் எண்ணினால் மூச்சு 60 அல்லது அதற்கு மேல். மறுபடி எண்ணினாலும் அப்படியே. அல்லது மூச்சிழுக்கும்போது நெஞ்சுக்கூட்டின் அடிப்பாகம் ஆழமாகக் குழிகிறது.
4. அக்குளில் வைத்த வெப்பமானி 37.5 டிகிரி செல்சியஸ் அல்லது மேல்; அல்லது 35.5-க்குக் கீழ்.
5. வலிப்பு; உதடு நீலம் பாய்வது; பச்சை நிற வாந்தி.
6. 8 மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, உச்சிக்குழி குழிந்திருக்கிறது.

ஒரு வயது வரை நோயுற்ற குழந்தைக்கு அரசு ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம். 108 அல்லது 102-க்குப் போன் செய்தால் வண்டி வரும். ஆஸ்பத்திரியில் பிரசவமானால் 3, 7, 14, 21, 28, 42-ம் நாட்களில் ஆஷா பணியாளர் வீட்டுக்கு வந்து எடை பார்க்க வேண்டும் என்பது அரசின் ஏற்பாடு. வராவிட்டால் அருகிலுள்ள அங்கன்வாடியில் விசாரியுங்கள்.

மொழி வராத தாய்மார்கள் இந்த நாலு இந்தி வாக்கியங்களை எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம்:

பச்சா தூத் நஹீ பீ ரஹா ஹை – குழந்தை பால் குடிக்கவில்லை.
பஹுத் ஸோ ரஹா ஹை, ஜகானே பர் பீ நஹீ உட்தா – மிகவும் தூங்குகிறது, எழுப்பினாலும் எழவில்லை.
கல் ஸே ஸிர்ஃப் தோ பார் பேஷாப் கியா – நேற்றிலிருந்து இரண்டு முறைதான் சிறுநீர்.
ஸான்ஸ் தேஜ் சல் ரஹீ ஹை – மூச்சு வேகமாக இருக்கிறது.

நினைவில் கொள்ள

எவ்வளவு குடிக்க வேண்டும் என்பதைக் குழந்தை தீர்மானிக்கட்டும். குழந்தை நலமாக இருக்கிறதா என்பதை நாம் தீர்மானிப்போம். முதல் வாரங்களில் தூங்குமூஞ்சிக் குழந்தையைக் கட்டாயம் எழுப்ப வேண்டும். எடை ஏறி, துணி நனைந்து, முகம் மலர்ந்து இருக்கும் குழந்தையைக் கட்டாயப்படுத்தவே கூடாது. "உனக்குப் பால் போதாது" என்ற சொல்லை, எண்ணிப் பார்க்காமல் எந்தத் தாயிடமும் சொல்லாதீர்கள். அந்தச் சொல் அவள் மனத்தை ஒடித்துவிடும். மனம் ஒடிந்தால் பால் இறங்குவதும் தடைப்படும்.

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். 10 கிராம் நுணுக்கமாகக் காட்டும் குழந்தை எடைக் கருவி ஒன்றை வாங்கி நம் நூலகத்தில் வைத்தால், தேவைப்படும் குடும்பங்கள் ஒரு வாரம் எடுத்துப் போய்த் திருப்பித் தரலாம். அதனுடன் கட்டம் போட்ட நோட்டு ஒன்றும், மேலே சொன்ன ஆறு அடையாளங்களை அச்சிட்ட தாள் ஒன்றும் சேர்த்துக் கொடுக்கலாம். நோட்டில் கட்டம் போட்டுத் தரும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன்.